பின்புறம் வாசல் இல்லை

இருபத்தேழு வருடமாக மூடிக் கிடந்த வழக்கு ஒன்று புதன்கிழமை காலை பத்தே காலுக்குத் தானாகத் திறந்துகொண்டது. வெயில் காலத்தில் இது நடப்பதுதான். கட்டு நூல் தளரும், அட்டை விரியும், உள்ளே இருக்கிற தாள்கள் மூச்சு விடும். அந்தச் சத்தம் என் மேஜை வரை கேட்கும்.

நான் ஸ்டேஷன் ரைட்டர். கதை எழுதுகிறவன் இல்லை. புகார், வாக்குமூலம், மகஜர் எல்லாம் எழுதுகிற போலீஸ்காரன். பெயர் சுயம்புலிங்கம். வேலையில் சேர்ந்ததிலிருந்து இதே ஸ்டேஷன்தான். மூன்று முறை எழுதிக் கேட்டு மாறுதல் வந்தது. மூன்று முறையும் பெட்டியோடு பஸ் ஏறினேன். இறங்கிய இடத்தில் இதே ஸ்டேஷன் இருந்தது. நான்காவது முறை எழுதிக் கேட்கவில்லை.

பதிவறைக்குப் போகும் நடை, தீராத வழக்கு ஒன்றுக்கு ஒரு அடி வீதம் நீளும். வெளியே இருந்து அளந்தால் ஸ்டேஷன் மொத்தமே அறுபது அடி. உள்ளே நடை மட்டும் நானூற்றுச் சொச்சம். சந்தேகப்பட்டு ஒரு பொறியாளர் அளக்க வந்தார். இன்னும் அளந்துகொண்டிருக்கிறார். சில நாள் டேப் சுருளும் சத்தம் கேட்கும்.

நான் நடந்தேன். இரண்டு பக்கமும் அலமாரிகள். கிடைக்காத ஆடுகள் கத்தின. திருடு போன சைக்கிள் ஒன்று மணி அடித்தது. சந்தையில் தொலைந்த ஒருவர் இருமினார். நான் யாரையும் பார்க்கவில்லை. பார்த்தால் கேட்பார்கள், கேட்டால் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்ல வேண்டும்.

திறந்து கிடந்தது குற்ற எண் 212. பெண் காணவில்லை. வேறு எதுவாகவும் இருந்திருக்கலாம். ஆடாக இருந்திருக்கலாம்.

தானாகத் திறந்த வழக்கை மூன்று முறை மூடிப் பார்க்க வேண்டும் என்பது விதி. முதல் முறை நூலால் கட்டினேன். அவிழ்ந்தது. இரண்டாம் முறை பழைய டைப்ரைட்டரை மேலே வைத்தேன். அது கீழே விழுந்தது. மூன்றாம் முறை நானே ஏறி உட்கார்ந்தேன். என்னையும் தூக்கிக்கொண்டு திறந்தது.

எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் அறைக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் நான்கு மாதத்துக்கு முன்பே மாறுதலாகிப் போய்விட்டார். அவரை விடுவித்த உத்தரவில் தொப்பியைக் குறிப்பிட மறந்துவிட்டார்கள். அதனால் தொப்பி மேஜை மேல் இருந்து பொறுப்பு வகிக்கிறது. அவரைவிடக் கோபம் குறைவு. ஞாபகம் அதிகம்.

"ஐயா, ஒரு வழக்கு திறந்திருக்கு."

"மூடு" என்றது தொப்பி.

"மூணு தடவை மூடிட்டேன் ஐயா."

"யாரு காணாமப் போனது?"

"லில்லி புஷ்பம். பத்தொன்பது வயசு."

"இப்ப என்ன வயசு?"

"ஃபைல்ல பத்தொன்பதுதான் ஐயா."

தொப்பி இடது பக்கம் கொஞ்சம் நகர்ந்தது. யோசிக்கும்போது அப்படி நகரும்.

"மகஜரை வாசி."

குற்றம் நடந்த இடத்துக்குப் போய், கண்ணால் பார்த்து, சாட்சிகளை வைத்துக்கொண்டு அங்கேயே எழுதுகிற தாள்தான் மகஜர். நான் வாசித்தேன். "மேற்படி வீடு கிழக்குப் பார்த்தது. ஓடு வேய்ந்தது. ஹால் ஒன்று, அடுப்படி ஒன்று. ஹாலின் வடக்குச் சுவரில் முருகன் படம் போட்ட காலண்டர் ஒன்று தொங்குகிறது. பின்புறம் வாசல் இல்லை. மேற்கே அடுத்த வீட்டுச் சுவர்."

"அந்த வீட்டுக்காரங்க யாரு?"

"வேதக்காரங்க ஐயா. சபையில பாட்டுப் படிக்கிற கிறிஸ்தவக் குடும்பம்."

"வேதக்காரங்க வீட்டுல முருகன் காலண்டரா?"

நான் தாளைத் திருப்பினேன்.

"புள்ள எங்க போனதாப் புகார்ல இருக்கு?"

"கொல்லைக்கு ஐயா. காயப்போட்ட துணிய எடுக்க."

"வாசல் இல்லாம கொல்லைக்கு எப்படிப் போனா?"

தொப்பி இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

"நீ அன்னைக்கு அங்க இருந்தியா?"

"இருந்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன் ஐயா."

"அதைக் கேக்கல" என்றது தொப்பி.

நடந்தது இதுதான். அன்றைக்கு மதியம் மூன்று மணிக்கு ஒரு அம்மா ஸ்டேஷனுக்கு ஓடி வந்தார். பன்னிரண்டு மணிக்குக் கொல்லைக்குப் போன மூத்த மகளைக் காணவில்லை என்றார். எஸ்.ஐ. என்னை அனுப்பினார். மிஷன் கிழக்குத் தெரு. நடந்தால் கால் மணி நேரம். நான் வழியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். பையில் முந்தின வாரத்து மகஜர் ஒன்று இருந்தது, வெண்கலப் பானை திருடு போன ஒரு வீட்டினுடையது. அதைப் பார்த்து அப்படியே எழுதினேன். பெயரை மாற்றினேன், தெருவை மாற்றினேன். பானையை எடுத்துவிட்டேன். காலண்டரை எடுக்க விட்டுப்போயிற்று. பின்வாசலைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. மணி நாலரை என்று போட்டு முடித்தேன்.

மகஜரில் உள்ளபடி இடம் இருக்க வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் இடங்கள் விதிக்குக் கட்டுப்பட்டவை.

மறுநாள் எஸ்.ஐ.யோடு அந்த வீட்டுக்குப் போனேன். அடுப்படிச் சுவரைக் கையால் அடித்து அந்த அம்மா அழுதார். "இங்கனதான சார் வாசல் இருந்துச்சு, நேத்துகூட இருந்துச்சு" என்றார். சுவரில் சுண்ணாம்பு பழசாக இருந்தது. "எங்கம்மா வாசல்? மகஜரைப் பாருங்க" என்றார் எஸ்.ஐ. நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்பக்கம் யாரும் தேடவில்லை. தேடுவதற்குப் பின்பக்கம் இல்லை. தெருவைச் சுற்றிக்கொண்டு போனாலும் அடுத்த வீட்டுச் சுவர்தான் வந்தது.

எனக்கு அன்றே தெரியும். இருபத்தேழு வருடம் தெரிந்துகொண்டே இருந்தேன். அது ஒரு வேலை மாதிரி. விடுப்பு கிடையாது.

"திருத்தலாமா ஐயா?" என்று தொப்பியிடம் கேட்டேன்.

"அதே வீடு. அதே நாலரை மணி. எழுதினவன் நின்ன இடத்துலயே நின்னு திருத்தணும். சாட்சி வேணும்."

"நான் நின்ன இடம்னு ஒண்ணு இல்லையே ஐயா."

"இருக்கும். கையெழுத்துப் போட்டிருக்கியே. போ."

சாட்சியைத் தேடி எதிரே இருக்கிற சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் பட்டுராஜ்தான் எங்கள் ஸ்டேஷனின் நிரந்தர சாட்சி. எல்லா மகஜரிலும் அவர்தான் கையெழுத்துப் போடுவார். இரண்டாவது சாட்சி வேண்டுமென்றால் இடது கையால் இன்னொன்று போடுவார். எந்த இடத்துக்கும் அவர் போனதில்லை. ஆனால் உடன் இருந்ததாகக் கையெழுத்துப் போட்டால் உடன் இருக்க வேண்டும் அல்லவா? ஒவ்வொரு கையெழுத்துக்கும் அவரில் கொஞ்சம் அந்தந்த வீட்டுக்குப் போய் நின்றுவிட்டது. இப்போது கடையில் அவருடைய வலது கை மட்டும்தான் இருக்கிறது. பஞ்சர் ஒட்டுவதற்கு அது போதும்.

கை டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, லில்லி புஷ்பம் வழக்கு" என்றேன்.

கை டியூபை விட்டது. ஈரத்தைத் துடைத்தது. மிஷன் கிழக்குத் தெரு இருக்கும் திசையை விரலால் காட்டியது. பிறகு போ போ என்று அசைத்தது.

லில்லி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. கதவைத் திறந்தது எஸ்தர். லில்லியின் தங்கை. காணாமல் போனபோது அவளுக்குப் பதினாலு வயது. இப்போது நாற்பத்தொன்று. பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். அம்மா இறந்த பிறகு வருடம் ஒரு மனு எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வருவாள். 'என் அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று தட்டுகிறாள்' என்று மனுவில் இருக்கும். சுவர் சம்பந்தப்பட்டது என்று நாங்கள் நகராட்சிக்கு அனுப்புவோம். தட்டுவது சம்பந்தப்பட்டது என்று அவர்கள் தபால் ஆபீசுக்கு அனுப்புவார்கள். தபால் ஆபீஸ் அதை எஸ்தரின் வீட்டிலேயே கொண்டுவந்து சேர்க்கும்.

"வாங்க சார்" என்றாள். "இந்த வருசத்து மனு நான் இன்னும் எழுதலியே."

"வழக்கு திறந்துட்டும்மா."

"யாரு திறந்தா?"

"தானா."

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. உள்ளே போகச் சொல்லி விலகி நின்றாள்.

ஹாலின் வடக்குச் சுவரில் முருகன் காலண்டர் தொங்கியது. பக்கத்தில் ஒரு வேதவசனக் காலண்டர். "எத்தனை தடவை கழத்தி வச்சாலும் காலையில மாட்டியிருக்கும் சார்" என்றாள் எஸ்தர். "சபையில கேட்டாங்க. போலீஸ் போட்டதுன்னு சொல்லிட்டோம்."

காலண்டருக்குக் கீழே பட்டுராஜ் நின்றார். முப்பது வயது பட்டுராஜ், சட்டையில் கிரீஸ் கறையோடு, வலது கை இல்லாமல். தோளில் ஒரு துவாலை காய்ந்துகொண்டிருந்தது.

"வாங்க ரைட்டர் சார்" என்றார். "லேட்டாயிட்டு."

"எப்படி இருக்கீங்க அண்ணாச்சி?"

"நிக்கேன். இவுக அம்மா இருந்தவரைக்கும் டீ குடுப்பாக. இந்தப் புள்ளயும் குடுக்கு. குறை சொல்லப்படாது."

அவருக்கு இடது பக்கம், சிமெண்டுத் தரையில், இரண்டு பூட்ஸ் அடையாளம் இருந்தது. சுற்றிலும் தரை தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தது. அந்த இடம் மட்டும் புதுசாக இருந்தது.

"அங்க யாரும் மிதிக்க மாட்டோம் சார்" என்றாள் எஸ்தர். "அது உங்க இடம்னு இவரு சொன்னாரு."

நான் போய் நின்றேன். பூட்ஸ் பொருந்தவில்லை. சர்க்கரை வியாதியில் என் கால் வீங்கிக் கிடக்கிறது. பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றேன். பொருந்தியது. தரை சுட்டது. இருபத்தேழு வருடத்துக்கு முந்தின மத்தியானத்துச் சூடு.

அங்கிருந்து பார்த்தால் அடுப்படி நேராகத் தெரிந்தது. அடுப்படிக்குப் பின்னால் சுவர். சுவரில் ஒரு ஆள் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது.

"அது நான் தட்டுற இடம்" என்றாள் எஸ்தர். "நாலரைக்கு அவ தட்டுவா. நான் திருப்பித் தட்டணும். இல்லன்னா பயந்துருவா. அதுக்காகத்தான் சார் நான் வெளியூர் எங்கயும் போகல. ஒரு இடத்துல கல்யாணம் பேசினாங்க. மாப்பிள்ளைக்கு மதுரை. நாலரைக்கு எப்படி வர முடியும்?"

நான் தலையை ஆட்டினேன்.

"இப்பல்லாம் மெதுவாத்தான் தட்டுதா" என்றாள். "கை வலிக்கும்போல. போன வாரம் ரெண்டே தட்டு. நேத்து ஒண்ணு. இன்னைக்குத் தட்டுவாளோ மாட்டாளோ சார்."

மணி நாலு பதினெட்டு. ஃபைலைத் திறந்து மகஜரை எடுத்தேன். 'பின்புறம் வாசல் இல்லை' என்ற வரியை அடிக்கப் போனேன். பேனா எழுதவில்லை. உதறினேன். எழுதவில்லை. பின்னால் இருந்த வெள்ளைத் தாளில் கிறுக்கிப் பார்த்தேன், நன்றாக எழுதியது.

"எழுதாது" என்றார் பட்டுராஜ். "அன்னைக்கு எங்க இருந்தீகன்னு முதல்ல சொல்லுங்க. நான் எல்லா வீட்டுலயும் பாத்துட்டேன். அப்படித்தான்."

எஸ்தர் என்னைப் பார்த்தாள். "நீங்க இங்கதான சார் இருந்தீங்க? கையெழுத்து இருக்கே."

"இல்லம்மா."

"எங்க இருந்தீங்க?"

"டீக்கடையில."

"எந்த டீக்கடை?"

"முக்குல இருந்துச்சே, வேப்பமரத்துக்குக் கீழ."

அவள் வாசல் வழியாகத் தெருமுனையை எட்டிப் பார்த்தாள். வேப்பமரம் தெரிந்தது. வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

"அங்கேருந்து இங்க வரலியா?"

"வரல."

"எதுக்கு சார்?"

இந்தக் கேள்விக்கு நான் பல பதில்கள் தயார் செய்து வைத்திருந்தேன். உடம்பு சரியில்லை. வேறு வேலை. மேலிடத்து உத்தரவு. எல்லாம் வரிசையாக வந்து என் வாய்க்குள் நின்றன. ஒன்றும் வெளியே வரவில்லை.

"வெயிலா இருந்துச்சும்மா" என்றேன்.

"வெயிலா?"

"வெயில்தான்."

பட்டுராஜ் தரையைப் பார்த்தார்.

"அவளுக்கும் வெயில்தான சார்" என்றாள் எஸ்தர்.

எனக்கு அழுகை வந்தது. யூனிஃபார்மில் அழுவதற்கு முன் அனுமதி வேண்டும். தொப்பி பக்கத்தில் இல்லாததால் அனுமதி இல்லாமலே அழுதேன்.

"என் பச்சைப் பாவாடைய எடுக்கத்தான் போனா" என்றாள் எஸ்தர். "யூனிஃபார்ம். மறுநாள் பள்ளிக்கூடத்துல பரிச்சை. நீ துவைக்கவே இல்லன்னு நான் அவகிட்ட சண்டை போட்டேன். துவைச்சுக் காயப்போட்டுருக்கேன், போய்ப் பாருட்டின்னா. நான் போகல. வெயிலா இருக்குன்னு சொன்னேன். கோவத்துல அவளே போனா. கொல்லைக்குப் பின்னால உடங்காட்டுல, அந்த முள்ளுமரத்து நிழல்ல போய் உக்காந்திருப்பா, கோவம் வந்தா அங்கதான் போவா. கொஞ்ச நேரத்துல வந்துருவான்னு அம்மாகிட்ட நான் சொல்லல. சொல்லியிருந்தா அம்மா ஸ்டேஷனுக்கே வந்திருக்க மாட்டா."

அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கோவம் தணிஞ்சு அவ திரும்பி வந்தது நாலரைக்கு சார். வந்து பாத்தா வாசல் இல்ல."

மணி நாலு இருபத்தொன்பது. பேனாவை அந்த வரியில் வைத்தேன். எழுதியது.

'பின்புறம் வாசல் இல்லை' என்பதை ஒரே கோட்டில் அடித்தேன். ஓரத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டேன். மேலே எழுதினேன்: 'பின்புறம் ஒரு வாசல் உண்டு. ஒற்றைக் கதவு. மரம். உள்பக்கம் தாழ்ப்பாள். மேற்கே கொல்லை.' கதவின் நிறம் எனக்குத் தெரியவில்லை. எஸ்தரிடம் கேட்டேன். நீலம் என்றாள். நீலம் என்று எழுதினேன். பட்டுராஜ் இடது கையால் கையெழுத்துப் போட்டார்.

சுவரில் ஒரு தட்டுச் சத்தம் கேட்டது. மிகவும் மெதுவாக. மரத்தில் தட்டும் சத்தம்.

எஸ்தர் ஓடினாள். நீலக் கதவு இருந்தது. தாழ்ப்பாள் துருவேறி இறுகியிருந்தது. இரண்டு கையாலும் இழுத்தாள். திறந்தது. அடுப்படி முழுக்க வெயில் வந்தது.

லில்லி உள்ளே வந்தாள். பத்தொன்பது வயது. தோளில் காய்ந்த துணிகள். முகம் சிவந்திருந்தது. வலது கை விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது.

"எவ்வளவு நேரமாத் தட்டுதேன்" என்றாள். "கதவைச் சாத்திட்டு என்னம்மா பண்ணுத?"

எஸ்தர் நின்றுவிட்டாள்.

"அக்கா."

"மகளப் போய் அக்காங்குத?" லில்லி சிரித்தாள். துணிகளை அடுப்படித் திண்டில் வைத்தாள். மேலே இருந்த பச்சைப் பாவாடையை மட்டும் எடுத்து உதறினாள். "எங்க போனாம்மா அவ? பாவாடை பாவாடைன்னு உயிர எடுத்தாள்லா. ஏட்டி எஸ்தரு!"

எஸ்தர் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"அக்கா, நான்தான்" என்றாள் எஸ்தர்.

"விளையாடாதம்மா" என்றாள் லில்லி. ஹாலுக்கு வந்தாள். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தாள். பீரோவுக்குப் பின்னால் பார்த்தாள். வாசலில் நின்று தெருவைப் பார்த்துக் கூப்பிட்டாள். "எஸ்தரு! இனி கோவப்பட மாட்டேன், வாட்டி!" திரும்பி வந்தபோது அவள் முகம் மாறியிருந்தது. அப்போதுதான் யூனிஃபார்மில் நான் நிற்பதைப் பார்த்தாள்.

"சார்" என்றாள். "என் தங்கச்சியக் காணோம்."

நான் எஸ்தரைப் பார்த்தேன். நாற்பத்தொரு வயது எஸ்தர் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு கையை எடுத்தாள்.

"எழுதிக்கிடுங்க சார்" என்றாள். "அவ காணாமத்தான் போயிட்டா."

வெள்ளைத் தாள் எடுத்தேன். பெயர் எஸ்தர். வயது பதினாலு. கடைசியாக எப்போது பார்த்தது? பன்னிரண்டு மணிக்கு என்றாள் லில்லி. என்ன உடை? மஞ்சள் கவுன். அங்க அடையாளம் ஏதாவது உண்டா?

"வலது முழங்கையில ஒரு தழும்பு" என்றாள் எஸ்தர். "கிணத்தடியில விழுந்தது." சேலையை ஒதுக்கி முழங்கையைக் காட்டினாள்.

லில்லி குனிந்து பார்த்தாள். விரலால் தொட்டாள்.

"இதே மாதிரிதான் சார்" என்றாள். "இதே இடம்."

எழுதிக்கொண்டேன்.

"என்னைய விட்டுருவீகன்னு நெனச்சேன்" என்றார் பட்டுராஜ். "சரி. இன்னொரு கையெழுத்துதான. துவாலைய மட்டும் எடுத்துக்கிடச் சொல்லுங்க, காஞ்சுட்டு."

பிறகு மகஜர் போட்டேன். இந்த முறை எதையும் பார்த்து எழுதவில்லை. வீட்டைப் பார்த்து எழுதினேன். ஹாலில் ஜன்னல் இரண்டு, கம்பி ஒன்று வளைந்தது. காலண்டர் இரண்டு. அடுப்படித் திண்டில் துணிகள், இன்னும் சூடாக இருக்கின்றன. சுவரில் கை தட்டி உதிர்ந்த இடம் ஒன்று. அதை அளந்தும் எழுதினேன். பூட்ஸ் இல்லாத காலோடு நடந்து நடந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. ஸ்டேஷனில் நடை ஒரு அடி குறைந்து ஒரு அடி கூடியிருக்கும்.

லில்லி நீலக் கதவுக்குப் பக்கத்தில் பாவாடையை மடித்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"கதவைச் சாத்திரட்டுமாம்மா? வெயில் வருது" என்றாள்.

"வேண்டாம்" என்றாள் எஸ்தர். "அவ வருவா."

பின்புறம் ஒரு வாசல் உண்டு, திறந்திருக்கிறது என்று எழுதினேன். கீழே என் பெயரைப் போட்டு, நேரில் இருந்து எழுதியது என்று போட்டேன்.